காரின் எரிபொருள் நுகர்வும் அதைக் குறைக்க ஓட்டுநர் செய்யக்கூடியவையும்

ஒரு கார் குறிப்பிட்ட தொலைவைக் கடக்க எவ்வளவு பெட்ரோல் அல்லது டீசலை எரிக்கிறது என்பதே அதன் எரிபொருள் நுகர்வு ஆகும். பேச்சுவழக்கில் இது 'மைலேஜ்' எனப்படுகிறது. மைல் கணக்கு வழக்கொழிந்து பல பத்தாண்டுகள் ஆகியும் சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரிக் காரை, ஒரே ஊரில் ஓட்டும் இருவருக்கு ஒரே மைலேஜ் கிடைப்பதில்லை. ஒருவர் லிட்டருக்கு 17 கி.மீ. என்பார், மற்றவர் 13 என்பார். பழுதில்லாத இரு கார்களுக்கிடையே இத்தகைய வேறுபாடு வருவதற்கு முதன்மைக் காரணம் ஓட்டும் முறைதான். மாதம் 1,000 கி.மீ. ஓடும் காரில் லிட்டருக்கு 12 கி.மீ. என்பது 14 ஆக உயர்ந்தால், மாதத்துக்குச் சுமார் 12 லிட்டர் மிச்சமாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. டீசலில் இது 2.6 கிலோவுக்கும் மேல். தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் மிகப் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் இந்தியா போன்ற நாட்டில், இந்த மிச்சம் ஒரு வீட்டின் கணக்கோடு முடிந்துவிடுவதும் இல்லை.

அளக்கும் முறையும் அதிலுள்ள மயக்கமும்

இந்தியாவில் எரிபொருள் நுகர்வு, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லப்படுகிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இதைத் தலைகீழாக, 100 கி.மீ. செல்ல எத்தனை லிட்டர் என்று குறிப்பிடுகின்றனர். அமெரிக்காவில் கேலனுக்கு எத்தனை மைல் என்பது கணக்கு. இரண்டு முறைகளும் ஒன்றையே சொல்வதுபோல் தோன்றினாலும், லிட்டருக்குக் கிலோமீட்டர் என்னும் கணக்கு மனத்தை ஏமாற்றக்கூடியது.

எடுத்துக்காட்டாக, ஒரு கார் லிட்டருக்கு 10 கி.மீ. கொடுப்பதிலிருந்து 12க்கு உயர்கிறது. இன்னொரு கார் 20இலிருந்து 25க்கு உயர்கிறது. எது அதிகம் மிச்சப்படுத்தும் என்று கேட்டால் பெரும்பாலோர் இரண்டாவதையே சொல்வர். ஆனால் 1,000 கி.மீ. ஓடினால் முதல் கார் 100 லிட்டருக்குப் பதில் 83 லிட்டர் குடிக்கும், மிச்சம் 17 லிட்டர். இரண்டாவது கார் 50 லிட்டருக்குப் பதில் 40 லிட்டர் குடிக்கும், மிச்சம் 10 லிட்டர்தான். ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2008இல் 'சயின்ஸ்' இதழில் இந்த மயக்கத்தைப் பற்றி எழுதிய பிறகு இது பரவலாகப் பேசப்பட்டது. குறைவாக மைலேஜ் தரும் பெரிய வண்டி வைத்திருப்பவருக்கே ஓட்டும் முறையை மாற்றுவதால் கிடைக்கும் பயனும் அதிகம் என்பது இதன் பொருள்.

விளம்பரத்தில் வரும் எண்ணுக்கும் சாலையில் கிடைப்பதற்கும் உள்ள இடைவெளி மற்றொரு குழப்பம். இந்தியாவில் புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம் போன்ற அமைப்புகள் கார்களைச் சோதித்துச் சான்று அளிக்கின்றன. அதுவே 'ஏ.ஆர்.ஏ.ஐ. மைலேஜ்' என்று விற்பனையகங்களில் சொல்லப்படுவது. இந்தச் சோதனை சாலையில் நடப்பதில்லை. ஆய்வகத்தில், சக்கரங்களை உருளைகள்மேல் சுழலவிட்டு, ஏறத்தாழ 20 நிமிடம் ஓடும் ஒரு குறித்த வேகப் பட்டியலைப் பின்பற்றி அளக்கின்றனர். வழக்கமான சோதனையில் உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ., ஏசி அணைக்கப்பட்டிருக்கும். கார்களை ஒன்றோடொன்று ஒப்பிட இந்த எண் பயன்படும். அண்ணா சாலையில் மாலை ஆறு மணிக்கு அதை எதிர்பார்ப்பது சரியன்று.

எரிபொருள் எங்கே போகிறது?

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் உள்ளது. இதில் சக்கரங்களைச் சென்றடைவது ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரைதான். மீதியில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடும். இன்ஜினின் உள்ளுறுப்புகள் உராய்வதிலும், நீரேற்றி, எண்ணெயேற்றி, ஆல்டர்னேட்டர் ஆகியவற்றை ஓட்டுவதிலும் இன்னும் சிறிது போகிறது. இன்ஜினின் வடிவமைப்பை ஓட்டுநரால் மாற்ற முடியாது.

சக்கரத்தை வந்தடையும் ஆற்றலோ மூன்று வழிகளில் செலவாகிறது. காற்றைப் பிளந்துகொண்டு செல்வதற்கு ஒரு பங்கு, டயர் சாலையில் அமுங்கி உருள்வதற்கு ஒரு பங்கு, பிரேக்கில் வெப்பமாகப் போவது ஒரு பங்கு. இவற்றில் ஓட்டுநரின் கைக்கு, சரியாகச் சொன்னால் காலுக்கு, மிக அதிகம் கட்டுப்படுவது மூன்றாவது பங்கே.

பிரேக்கில் கரையும் பெட்ரோல்

ஓட்டுநருடன் சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள ஒரு சிறிய கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறது என்று கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 153 கிலோஜூல். பிரேக்கை அழுத்தி நிறுத்தியதும் இவ்வளவும் பிரேக் தட்டுகளில் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். அரை லிட்டர் நீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. வீட்டில் நான்கு பேருக்குத் தேநீர் போடத் தேவையான அளவு.

அந்த ஆற்றலைக் கொண்டு அதே கார் சமதளச் சாலையில் சீராக 60 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 600 மீட்டர் சென்றிருக்கலாம். 80 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் இழப்பு, அந்த வேகத்தில் 800 மீட்டர் ஓடுவதற்குச் சமம். கூட்டமான நகரச் சாலையில் 10 கி.மீ. தூரத்துக்குள் பத்து முறை வேகமெடுத்துப் பத்து முறை நிறுத்துபவர், தாம் போகாத பல கிலோமீட்டருக்கும் சேர்த்து எரிபொருள் போட்டிருக்கிறார்.

ஆகவே எரிபொருள் சிக்கனத்தின் முதல் பாடம் முன்னே பார்ப்பதுதான். 200 மீட்டர் தொலைவில் சிக்னல் சிவப்பாக இருப்பது தெரிந்தால், அதுவரை ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே போய்க் கடைசியில் பிரேக் அடிப்பதில் எந்தப் பயனும் இல்லை. காலை எடுத்துவிட்டால் கார் தன் வேகத்திலேயே உருண்டு போகும், பல நேரம் சிக்னலை அடைவதற்குள் பச்சை விழுந்துவிடும். முழுவதும் நின்ற காரைக் கிளப்புவதைவிட 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் காரை வேகப்படுத்த மிகக் குறைந்த எரிபொருளே தேவை. தமிழ்நாட்டு ஊர்களில் அடிக்கடி வரும் வேகத்தடைகளுக்கும் இதுவே பொருந்தும். இரண்டு வேகத்தடைகளுக்கு இடையிலான 100 மீட்டரில் வேகத்தை 50க்கு ஏற்றி மீண்டும் இறக்குவதால் கிடைக்கும் நேரம் சில விநாடிகள்தான்.

முன்னால் போகும் வண்டியோடு போதிய இடைவெளி விட்டால் இது எளிதாகும். முன்னவர் பிரேக் தொடும்போதெல்லாம் தாமும் தொட வேண்டியதில்லை. பாதுகாப்புக்கும் அதுவே நல்லது. இடைவெளி விட்டால் அதில் வேறொரு வண்டி நுழைந்துவிடும் என்பது இந்திய ஓட்டுநர்களின் நெடுநாள் குறை. அது உண்மைதான். ஆனாலும் ஒரு வண்டி நுழைவதால் ஏற்படும் இழப்பு, ஒரு முறை பிரேக் அடிப்பதால் ஏற்படும் இழப்பைவிடக் குறைவு.

கலப்பினக் கார்கள் நகரத்தில் அதிக மைலேஜ் தருவதற்கும் காரணம் இதுதான். 1997இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் போன்ற கார்கள், பிரேக் போடும்போது சக்கரத்தின் சுழற்சியைக் கொண்டு மின்னாக்கியை ஓட்டி, வெப்பமாக வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்தில் சேமிக்கின்றன.

வேகமும் காற்றும்

கார் வேகமெடுக்க வேகமெடுக்கக் காற்றின் தடை வேகத்தின் இருமடியாக வளர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. மேற்சொன்ன சிறிய காருக்கு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் காற்றின் தடையும் டயரின் உருளல் தடையும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். அதற்குமேல் காற்றே பெரிய எதிரி. ஒரு கிலோமீட்டர் செல்லச் சக்கரத்தில் தேவைப்படும் ஆற்றல், 80 கி.மீ. வேகத்தைவிட 100 கி.மீ. வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் கூடுகிறது. 120 கி.மீ. வேகத்தில் முக்கால் பங்குக்கும் மேல் கூடுகிறது. பாரம் கூடும்போது இன்ஜினின் திறன் சிறிது உயர்வதால் எரிபொருள் செலவு அதே விகிதத்தில் ஏறாது. எனினும் ஏற்றம் ஏற்றமே.

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு ஏறத்தாழ 330 கி.மீ. சராசரியாக 100 கி.மீ. வேகத்தில் போக முடிந்தால் மூன்றே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், 80இல் போனால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். வேறுபாடு 50 நிமிடம். 80 கி.மீ. வேகத்தில் லிட்டருக்கு 20 கி.மீ. தரும் கார் 100இல் 16.5 தந்தால், மிச்சம் மூன்றரை லிட்டர். அந்த 50 நிமிடம் மூன்றரை லிட்டரைவிட மதிப்புள்ளதா என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். மருத்துவமனைக்குப் போகிறவரின் கணக்கு வேறு, திருமண வீட்டுக்குப் போகிறவரின் கணக்கு வேறு.

அரசுகளும் இந்தக் கணக்கைப் போட்டதுண்டு. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்ததைத் தொடர்ந்து, 1974 ஜனவரியில் அமெரிக்கா நாடு முழுவதும் நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலுக்குள், அதாவது 88 கி.மீ.க்குள், கட்டுப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தது. மக்களிடம் கடும் முணுமுணுப்புக்கு ஆளான அந்தக் கட்டுப்பாடு 1995இல்தான் முழுமையாக நீக்கப்பட்டது. இந்தியாவில் 1978இல் தொடங்கப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வரையிலான வேகத்தைச் சிக்கன வேகமாக நீண்ட காலம் பரப்பியது. இன்றைய ஐந்து, ஆறு கியர் கார்களுக்குச் சிக்கன வேகம் அதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கக்கூடும். உச்ச கியரில் இன்ஜின் திணறாமல் ஓடும் வேகமே தக்க அளவுகோல்.

வேகம் சீராக இருப்பதும் தேவை. சமதள நெடுஞ்சாலையில் குரூஸ் கன்ட்ரோல் இதற்கு உதவும். மேடுபள்ளமான சாலையில் அது வேகத்தை விடாப்பிடியாகக் காக்க முயன்று, மேட்டில் கூடுதலாக எரிபொருளைச் செலுத்தும். அங்கே மனிதக் காலே மேல். மேட்டில் வேகம் சற்றுக் குறையவும் சரிவில் அது தானே மீளவும் விட்டுவிடலாம்.

லாரிக்குப் பின்னால் ஒட்டிச் சென்றால் காற்றுத் தடை குறையும் என்பது இயற்பியல்படி சரி. ஆனால் பயன் தரும் அளவுக்கு நெருங்கினால், லாரி நிற்கும்போது கார் நிற்க இடம் இருக்காது.

கியரும் ஆக்சிலரேட்டரும்

80 கி.மீ. வேகத்தில் சீராகப் போக மேற்சொன்ன காருக்குச் சுமார் 10 குதிரைத்திறன் போதும். இன்ஜினின் உச்சத்திறன் 80 குதிரைத்திறனாக இருக்கலாம். அதாவது பெரும்பாலான நேரம் இன்ஜின் தன் வலிமையில் சிறு பகுதியையே பயன்படுத்துகிறது. பெட்ரோல் இன்ஜினுக்கு இது ஒத்துவராத நிலை. பாதி மூடிய காற்று வாயில் வழியே காற்றை உறிஞ்சுவதற்கே அது ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கிறது. குறைந்த சுழற்சியில், சற்றே அதிகப் பாரத்துடன் ஓடும்போதுதான் அதன் திறன் நன்றாக இருக்கும்.

ஆகவே இயன்றவரை விரைவில் மேல் கியருக்கு மாற்றுவது நல்லது. பெட்ரோல் கார்களில் நிமிடத்துக்கு 2,000 முதல் 2,500 சுழற்சிக்குள்ளும், டீசல் கார்களில் அதற்குச் சற்று முன்பாகவும் மாற்றலாம். இன்ஜின் அதிர்ந்து 'கடகட'வென ஒலித்தால் கியர் அளவுக்கு மீறி மேலே போய்விட்டது என்று பொருள். உடனே ஒரு கியர் இறக்க வேண்டும். சிக்கனம் என்று எண்ணி மிக மிக மெதுவாக வேகமெடுப்பதும் பயனற்றது. அப்படிச் செய்தால் கார் கீழ் கியர்களிலேயே அதிக நேரம் ஓடும். ஜப்பானில் இதற்கு ஓர் எளிய அளவு வைத்திருக்கின்றனர்: கிளம்பிய முதல் ஐந்து விநாடியில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தை எட்டினால் போதும். நின்ற இடத்திலிருந்து கிளம்புவதே நகர ஓட்டத்தில் மிகுதியாக எரிபொருள் குடிக்கும் கட்டம் என்பதால் இந்த ஐந்து விநாடிகளுக்கு அங்கே தனிக் கவனம் தரப்படுகிறது.

கிளட்ச் மிதிமேல் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் கிளட்ச் தட்டையும் தேய்க்கும், எரிபொருளையும் வீணாக்கும். மேட்டுச் சாலையில் நெரிசலில் நிற்கும்போது பாதிக் கிளட்சில் காரைத் தாங்கிப் பிடிப்பவர்கள் கைப்பிரேக்கைப் பயன்படுத்தப் பழக வேண்டும்.

இறக்கத்தில் நியூட்ரல்: ஆபத்தான சிக்கனம்

மலையிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விடுவதோ, இன்ஜினையே அணைத்துவிடுவதோ எரிபொருளை மிச்சப்படுத்தும் என்னும் நம்பிக்கை தமிழ்நாட்டில் வேரூன்றியது. கார்புரேட்டர் இருந்த காலத்து அம்பாசடர், பழைய மாருதி 800 போன்ற கார்களில் அதற்குச் சிறிது அடிப்படை இருந்தது. மின்னணு எரிபொருள் செலுத்தி பொருத்தப்பட்ட இன்றைய கார்களில் அந்தக் கணக்கு மாறிவிட்டது. கார் கியரில் இருக்க, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றும். கட்டுப்பாட்டுக் கணினி எரிபொருள் செல்வதை முழுவதுமாக நிறுத்திவிடும். சுழற்சி மிகவும் குறைந்து இன்ஜின் நின்றுபோகும் நிலை வரும்போதுதான் மீண்டும் எரிபொருள் செல்லும். நியூட்ரலில் விட்டாலோ இன்ஜின் தானாகச் சுழன்றுகொண்டிருக்க எரிபொருள் வேண்டும். ஆகவே செங்குத்தான இறக்கத்தில் கியரில் இறங்குபவரே குறைவாகச் செலவிடுகிறார்.

இதைவிடப் பெரிய செய்தி உயிர் பற்றியது. நியூட்ரலில் காரின் வேகத்தைக் கட்டுப்படுத்த பிரேக் ஒன்றுதான் உண்டு. தொடர்ந்து அழுத்தினால் பிரேக் சூடேறிப் பிடிமானம் இழக்கும், பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டால் மிதி அடிவரை போயும் வண்டி நிற்காது. இன்ஜினை அணைத்தால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஓரிரு அழுத்தங்களில் தீர்ந்துவிடும், ஸ்டீயரிங் கனத்துப்போகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி பாதையின் 36 வளைவுகளிலோ இதைச் செய்து பார்ப்பது தற்கொலைக்கு ஒப்பு. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் பழைய விதி. செங்குத்தான இடங்களில் அது பெரும்பாலும் இரண்டாவது கியராக இருக்கும்.

நிற்கும்போது ஓடும் இன்ஜின்

நின்ற இடத்தில் ஓடும் சிறிய பெட்ரோல் கார் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். ஏசி ஓடினால் கூடும். 0.7 லிட்டர் எனக் கொண்டு, நாளுக்குப் பத்து நிமிடம் சிக்னல்களில் நிற்பவர் மாதத்துக்கு ஏறத்தாழ மூன்றரை லிட்டரை ஓர் அங்குலமும் நகராமல் எரிக்கிறார். மீண்டும் கிளப்பத் தேவைப்படும் எரிபொருள், பத்து விநாடி நின்று ஓடுவதற்கு ஆகும் எரிபொருளைவிடக் குறைவு. எனவே அரை நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் அணைத்துவிடலாம். எண்கள் இறங்கிக்கொண்டே வரும் சிக்னல்களில் இதை முடிவு செய்வது எளிது. தில்லி அரசு 2020 அக்டோபரில் சிவப்பு விளக்கு எரியும்போது வண்டியை அணைக்கக் கோரும் இயக்கத்தை நடத்தியது. அதன் முதல் நோக்கம் காற்று மாசைக் குறைப்பது.

காலையில் காரைக் கிளப்பி ஐந்து நிமிடம் 'சூடாக்கும்' வழக்கம் தேவையற்றது. குளிர்ந்த இன்ஜின் அதிகமாகக் குடிக்கும் என்பது சரிதான், ஆனால் அது விரைவாகச் சூடாவது மிதமான வேகத்தில் ஓடும்போதுதான். சூடாகுமுன்பே முடிந்துவிடும் ஒரு கிலோமீட்டர் பயணங்கள் மைலேஜை மிக மோசமாக்குபவை. பால் வாங்கவும், பிள்ளையைத் தெருமுனைப் பள்ளியில் விடவும் காரை எடுக்காதிருப்பது பல தொழில்நுட்ப அறிவுரைகளைவிட மேலானது.

ஏசி

ஏசியின் அமுக்கி பொதுவாக இன்ஜினிலிருந்தே ஆற்றலைப் பெறுகிறது. கடும் வெயிலில், குறைந்த தூரப் பயணங்களில், எரிபொருள் செலவை நான்கில் ஒரு பங்குவரைகூட அது கூட்டக்கூடும். சித்திரை வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஏசியை உச்சத்தில் வைப்பதைவிட, முதலில் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி ஓரிரு நிமிடம் ஓட்டி அனல் காற்றை வெளியேற்றிவிட்டு, பிறகு ஏசியைப் போட்டு உட்காற்றுச் சுழற்சிக்கு மாற்றுவது சிக்கனமானது. நகர வேகத்தில் கண்ணாடியைத் திறந்து ஓட்டலாம். நெடுஞ்சாலை வேகத்தில் திறந்த கண்ணாடி காற்றுத் தடையைக் கூட்டுவதால் அங்கே ஏசியே பொருத்தம். வியர்த்துக் களைத்துப்போகும் அளவுக்கு யாரும் ஏசியைத் துறக்க வேண்டியதில்லை. களைத்த ஓட்டுநர் பெட்ரோலைவிடப் பெரிய இழப்பை வருவிக்கக்கூடும்.

டயர், சுமை, பராமரிப்பு

காற்றுக் குறைந்த டயர் சாலையில் அதிகமாக அமுங்கும், உருளல் தடை கூடும். சரியான அளவு ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்ட சீட்டில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை நிரப்பக் கூடாது. டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். நீண்ட தூரம் ஓடிய டயரில் காற்றழுத்தம் கூடியிருப்பதால், குறைவாக உள்ள டயரும் சரியாக இருப்பதுபோல் காட்டும். இதனால் மிச்சமாவது ஓரிரு விழுக்காடுதான் என்றாலும், டயரின் ஆயுளும் கூடுகிறது.

தேவையற்ற சுமையில் 45 கிலோவுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு மைலேஜ் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. இதைவிடக் கூரைமேல் கட்டும் பெட்டி மோசம். நெடுஞ்சாலை வேகத்தில் அது பத்திலிருந்து இருபத்தைந்து விழுக்காடு வரை மைலேஜைத் தின்றுவிடும். சுற்றுலா முடிந்ததும் அதைக் கழற்றிவைப்பது நல்லது. அரைத் தொட்டி மட்டும் நிரப்பினால் எடை குறையும் என்பாருண்டு. 35 லிட்டர் பெட்ரோலின் எடை 26 கிலோ மட்டுமே என்பதால் அதில் பெரிய பயன் இல்லை.

காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டால் மைலேஜ் குறையும் என்பது கார்புரேட்டர் காலத்து உண்மை. இன்றைய கார்களில் உள்ளே வரும் காற்றின் அளவுக்கேற்பக் கணினியே எரிபொருளைக் குறைத்துவிடுவதால், அடைப்பு இழுதிறனைத்தான் பாதிக்கும். இன்ஜினைக் காக்க வடிகட்டியை மாற்றத்தான் வேண்டும், ஆனால் மைலேஜ் ஏறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மாறாக, புகைபோக்கியில் உள்ள ஆக்சிஜன் உணரி பழுதானால் நுகர்வு வெகுவாகக் கூடிவிடும். முகப்புப் பலகையில் இன்ஜின் விளக்கு எரிந்தும் மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் அந்தச் சரிபார்ப்புச் செலவைப் பெட்ரோல் நிலையத்தில் பலமுறை கட்டிவிடுகின்றனர். இன்ஜின் எண்ணெயும் கையேட்டில் சொல்லப்பட்ட பாகுத்தன்மையில் இருக்க வேண்டும். 'கெட்டியான எண்ணெய் நல்லது' என்று வேறொன்றை ஊற்றினால் உராய்வு கூடும்.

காந்தப் பட்டை, தொட்டியில் போடும் மாத்திரை, மைலேஜைக் கூட்டும் கருவி ஆகியவை எல்லாக் காலத்திலும் விற்பனைக்கு வந்துள்ளன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களைச் சோதித்து, மிகச் சிலவற்றில் மட்டுமே, அதுவும் சிறிதளவே, பயன் இருப்பதைக் கண்டது.

எரிபொருளின் வகை

ஆக்டேன் எண் கூடிய விலை உயர்ந்த பெட்ரோலில் ஆற்றல் கூடுதலாக இருப்பதில்லை. இன்ஜினில் தட்டல் ஏற்படாமல் தடுக்கும் தன்மையே அதில் கூடுதல். கையேடு அதைக் கோராத காரில் ஊற்றுவதால் பயன் பெரும்பாலும் பில்லில் மட்டுமே தெரியும்.

எத்தனால் கலப்பு வேறு கதை. இந்தியாவில் பெட்ரோலுடன் கலக்கும் எத்தனால் 2022இல் 10 விழுக்காட்டையும் 2025இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. ஒரு லிட்டர் எத்தனாலில் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே உள்ளது. ஆகவே 20 விழுக்காடு கலந்த பெட்ரோலில், கலப்பில்லாத பெட்ரோலைவிட லிட்டருக்கு 6 முதல் 7 விழுக்காடு ஆற்றல் குறைவு. அதற்கென வடிவமைக்கப்பட்ட இன்ஜின்கள் எத்தனாலின் உயர் ஆக்டேனைப் பயன்படுத்தி இதில் ஒரு பகுதியை ஈடுகட்டும், பழைய கார்களால் அது இயலாது. தம் ஓட்டும் முறை மாறாமலே மைலேஜ் சிறிது இறங்கியதாகக் கூறும் பழைய கார் உரிமையாளர்களின் குறையில் நியாயம் உண்டு.

பங்கீட்டுக் காலத்தில்

சிக்கனம் விருப்பமாக இல்லாமல் கட்டாயமான காலம் ஒன்றை இலங்கை அண்மையில் கண்டது. அந்நியச் செலாவணி தீர்ந்து எரிபொருள் இறக்குமதி முடங்கிய 2022இல், வரிசைகள் நாள்கணக்கில் நீண்டன. ஜூலையில் அரசு கியூஆர் குறியீட்டுடன் கூடிய தேசிய எரிபொருள் அனுமதி முறையைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லிட்டர், முச்சக்கர வண்டிக்கு 5 லிட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர் எனப் பங்கிடப்பட்டது. லிட்டருக்கு 10 கி.மீ. ஓட்டுபவருக்கு அந்த 20 லிட்டர் 200 கி.மீ. தந்தது. அதே காரில் 14 எடுக்கத் தெரிந்தவருக்கு 280 கி.மீ. தந்தது. கையில் பணம் இருந்தாலும் கூடுதலாக வாங்க முடியாத நிலையில், அந்த 80 கிலோமீட்டரைத் தரக்கூடியது ஓட்டும் முறை ஒன்றுதான்.

அளந்து பார்ப்பது

ஒரு மாற்றம் பயன் தருகிறதா என்பதை அறிய முழுத் தொட்டி முறையே எளிது. பெட்ரோல் நிலையத்தில் குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பி, ஓடிய தூரம் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் அதே நிலையத்தில், முடிந்தால் அதே குழாயில், மீண்டும் தானாக நிற்கும்வரை நிரப்ப வேண்டும். இடையில் ஓடிய தூரத்தை இரண்டாம் முறை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் விடை கிடைக்கும். குழாய் நின்ற பிறகும் வட்டத் தொகைக்காக இரண்டு மூன்று முறை அழுத்தி நிரப்பினால் கணக்குப் பிசகும். ஆவியை உறிஞ்சும் கரிப்பெட்டிக்கும் அது கேடு. முகப்புப் பலகை காட்டும் சராசரி சில கார்களில் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் நொடிக்கு நொடி மாறும் உடனடி அளவு மிகப் பயனுள்ளது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது அதன் முள் எங்கே போகிறது என்று ஒரு வாரம் கவனித்தவருக்குப் பாதிப் பாடம் கிடைத்துவிடும்.

ஒரு முறை நிரப்பியதை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. மழை, நெரிசல், காரில் ஏறிய ஆட்கள் என எல்லாமே எண்ணை மாற்றும். பழைய முறையில் மூன்று தொட்டி, புதிய முறையில் மூன்று தொட்டி என ஓட்டிச் சராசரிகளை ஒப்பிட்டால் நம்பத்தக்க விடை கிடைக்கும். சிக்கன ஓட்டப் பயிற்சி பெற்றவர்களிடம் முதலில் தெரியும் முன்னேற்றம் நாளடைவில் பாதியாகத் தேய்ந்துவிடுவது பல நாடுகளில் காணப்பட்டுள்ளது. அதனால் இந்த ஒப்பீட்டைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் செய்து பார்ப்பது நல்லது.